ஒரே அடுப்பு, ரெண்டு தட்டு

வீட்டில் நாலு பேர். மூணு பேருக்கு வழக்கம்போலச் சாதம், குழம்பு, ராத்திரிக்குத் தோசை. நாலாவது ஆள் அப்பா. சுகர் ஏறிப்போச்சு, "மாவுச்சத்தைக் குறைங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டார். மறுநாள் காலையிலிருந்தே வீட்டில் ரெண்டு சமையல் ஆரம்பிச்சிடுது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வீடுகளில் காலை நேரம் எப்படி ஓடும்னு உங்களுக்கே தெரியும். மில் ஷிஃப்டுக்குப் போறவருக்கும் காலேஜ் பஸ் பிடிக்கிறவங்களுக்கும் ஏழு மணிக்குள்ள டிபன் பாக்ஸ் கட்டியாகணும். அதுக்கு நடுவுல ஒருத்தருக்கு மட்டும் தனி வாணலி, தனிக் காய், தனித் தாளிப்பு. பத்து நாள் ஓடும். அப்புறம் அம்மாவுக்கு முடியாது. அப்பாவும் "ஒரு நாள்தானே"ன்னு பழைய தட்டுக்கே திரும்பிடுவார்.

இந்தக் கட்டுரை சொல்ல வர்றது ஒண்ணுதான். தனிச் சமையல் தேவையில்லை. எல்லாருக்கும் ஒரே சமையலைச் செய்து, கடைசிப் படியில் மட்டும் தட்டைப் பிரிச்சா போதும். அது எப்படின்னு கணக்கோட பார்ப்போம். (மாவுச்சத்துன்னு இங்கே சொல்றது கார்போஹைட்ரேட் மொத்தத்தையும். சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் அதுல அடக்கம்.)

இது எத்தனை வீட்டுப் பிரச்சினை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாச்சு. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில், அதாவது முன்நீரிழிவு நிலையில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கு. தோராயமா ஏழு பேரில் ஒருத்தர். உங்க கிளாஸில் 60 பேர் இருந்தா, எத்தனை வீட்டில் இந்த "தனித் தட்டு" இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அதே ஆய்வுக் குழு 2025-ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரைப்படி, நாம சாப்பிடும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருது. 2022-ல் வந்த கணக்கீட்டில், நீரிழிவு உள்ளவர்கள் இதை 49–54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தை 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஏத்தினா நல்ல பலன் கிடைக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. கவனிங்க, பூஜ்யத்துக்கு இறக்கச் சொல்லலை.

நம்ம தட்டுல எவ்வளவு இருக்கு?

இஞ்சினியரிங் படிக்கிறோம், அளக்காம எப்படி? கீழே உள்ளவை எல்லாம் தோராய அளவுகள். உங்க வீட்டுக் கரண்டிக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாறும்.

* வெந்த சாதம் 100 கிராம்: 28 கிராம் மாவுச்சத்து
* இட்லி ஒண்ணு: 9 கிராம்
* தோசை ஒண்ணு: 18 கிராம்
* சப்பாத்தி ஒண்ணு (30 கிராம் மாவில்): 20 கிராம்
* பரோட்டா ஒண்ணு: 32 கிராம்
* பால் 100 மில்லி, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ: 15 கிராம்
* கத்தரி, வெண்டை, புடலை, கோஸ், காலிஃப்ளவர் 100 கிராம்: 3 முதல் 7 கிராம்
* முட்டை ஒண்ணு: 1 கிராமுக்கும் குறைவு

இப்போ ஒரு சாதாரண நாளைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் 5 இட்லி: 45. மதியம் 350 கிராம் சாதம்: 98. கூட சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல்: 22. நாள் முழுக்க 4 டீ: 60. ராத்திரி 2 பரோட்டா: 64. மொத்தம் 289 கிராம். இதுல ஸ்வீட் எதுவும் கிடையாது. விசேஷமும் கிடையாது. வெறும் செவ்வாய்க்கிழமை.

லோ-கார்ப்னு பொதுவா சொல்றது ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே. கீட்டோன்னு சொல்றது 20–50 கிராம். அப்பாவுக்கு எந்த அளவுன்னு முடிவு பண்ண வேண்டியவர் டாக்டர். நாம பண்ண வேண்டியது, அந்த அளவுக்கு வீட்டுச் சமையலை எப்படிக் கொண்டுபோறதுன்னு பார்க்கிறது.

முதல்ல மாத்திரை அட்டையைப் பாருங்க

சமையலுக்குப் போறதுக்கு முன்னாடி இது. இதைத் தாண்டிப் படிக்காதீங்க.

அப்பா ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுறாரா? 2021 ஆகஸ்டில் ஆரம்பிச்ச "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வர்ற குடும்பங்கள் நிறைய. மாத்திரை வரும், சாப்பிடுவார், ஆனா அது என்ன மாத்திரைன்னு வீட்டில் யாருக்கும் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பெயரைப் படிங்க.

கிளிமிபிரைட், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரி மாத்திரை இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, டாக்டரைக் கேட்காம சாதத்தைக் குறைக்கவே கூடாது. இந்த மருந்துகள் நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காது. சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். உள்ளே வர்ற மாவுச்சத்து திடீர்னு பாதியானா ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் இதெல்லாம் அடையாளம். அப்போ உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி சோதிக்கணும். மயங்கிட்டா வாயில் எதையும் ஊத்தாம 108-க்குக் கூப்பிடுங்க.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளுக்கு வேற மாதிரி ஆபத்து. மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சா ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிப்போகலாம். சர்க்கரை அளவு அவ்வளவு ஏறாமலே இது நடக்கும். வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறதுன்னு வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க புரதத்தை இஷ்டத்துக்கு ஏத்தக் கூடாது. கர்ப்பமா இருக்கிறவங்க, பாலூட்டுறவங்க, வளர்ற பிள்ளைங்க, டைப் 1 நீரிழிவு உள்ளவங்க யாரும் இதைத் தானா ஆரம்பிக்கக் கூடாது.

டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி ஒரே வரிதான்: "சாதத்தைப் பாதியாக் குறைக்கப் போறோம், மாத்திரை அளவை மாத்தணுமா?" அவர் சொன்ன பிறகு அடுப்பைப் பத்த வைங்க.

ஏன் பாதியில் விடுறாங்க?

தமிழில் இந்த உணவுமுறையைப் பரவலாக்கியதில் பெரிய பங்கு "ஆரோக்கியம் & நல்வாழ்வு" முகநூல் குழுவுக்கும், நியாண்டர் செல்வன் எழுதி கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட "பேலியோ டயட்" புத்தகத்துக்கும் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னாடி, காலையில் 100 பாதாம், பட்டர் டீ, பனீர்ன்னு நம்ம ஊர் ஆபீஸ்களிலேயே பேச்சு ஓடுச்சு. எடை குறைஞ்சவங்க இருக்காங்க, சர்க்கரை இறங்கினவங்களும் இருக்காங்க. ஆனா 100 பாதாம்னா 120 கிராம். கிலோ 900 ரூபாய்னு வெச்சாலும் ஒரு வேளைக்கு 100 ரூபாய்க்கு மேலே. ஒரு சம்பளத்தில் நாலு பேர் சாப்பிடுற வீட்டில் இது எத்தனை மாசம் தாங்கும்?

ஆய்வுகளிலும் இதே மாதிரி ஒரு வளைவு தெரியுது. 2021-ல் பிஎம்ஜே இதழில் 23 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்துச்சு. 6 மாசத்தில் லோ-கார்ப் சாப்பிட்டவங்களுக்கு நீரிழிவு கட்டுக்குள் வந்தது அதிகம். 12 மாசத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிப்போச்சு. இதுக்குப் பல காரணம் இருக்கலாம். ஆனா ஒரு வருஷம் முழுக்க ஒரே வீட்டில் ரெண்டு சமையல் நடத்த முடியாதுங்கிறது, சமையல்கட்டுப் பக்கம் போன யாருக்கும் புரியும்.

அதனால கேள்வி "எந்த டயட் பெஸ்ட்?" இல்லை. "எது நம்ம வீட்டில் ஒரு வருஷம் ஓடும்?"

நம்ம சமையல் ஏற்கெனவே பிரிஞ்சுதான் இருக்கு

பிரியாணியை எடுத்துக்கோங்க. அரிசியும் கறியும் ஒரே பாத்திரத்தில் கலந்துபோச்சு, பிரிக்க முடியாது. பாஸ்தாவும் அப்படித்தான். ஆனா நம்ம தினசரிச் சாப்பாடு அப்படியா? சோறு ஒரு பானை. குழம்பு ஒரு சட்டி. ரசம், பொரியல், கூட்டு, தயிர் எல்லாம் தனித்தனி. தட்டில் வந்த பிறகுதான் எல்லாம் சேருது. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் பாஷையில் சொன்னா, பக்காவான மாடுலர் டிசைன். ஒரு மாட்யூலைக் குறைச்சா மத்தது உடையாது.

அப்போ பிரச்சினை எங்கே? அளவில். நம்ம வீட்டில் சோறுதான் நாயகன். பொரியலுக்கு வேலை "தொட்டுக்க". நாலு பேருக்குக் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினா போதும்னு வெச்சிருக்கோம். இதுல சோத்தை எடுத்துட்டா அப்பா தட்டில் ரெண்டு கரண்டி பொரியல்தான் மிஞ்சும். நாலு மணிக்கே பசிக்கும். டீக்கடைக்குப் போவார், வடையும் டீயும் உள்ளே போகும். குறைச்சது அத்தனையும் திரும்பி வந்துடும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய் சொல்லுது. நாலு பேருக்கு 1.6 கிலோ. நாம வாங்குறது அதுல எவ்வளவுன்னு பையை எடைபோட்டுப் பாருங்க. ஆக, செய்ய வேண்டியது புதுச் சமையல் இல்லை. அதே பொரியலை மூணு மடங்கு செய்யணும். எல்லாரும் சாப்பிடலாம். அப்பா மட்டும் கூடுதலாச் சாப்பிடுவார்.

இதை மூணு விதியாச் சுருக்கலாம்:

1. குழம்பு, பொரியல், கறி எல்லாருக்கும் ஒண்ணு. அதுல மாவு சேர்க்கிற படியை மட்டும் கடைசிக்குத் தள்ளு.
2. அப்பாவின் பங்கை எடுத்து வெச்ச பிறகு மாவுப் பொருளைச் சேர்.
3. சோத்தைக் கண்ணால் போடாதே, கப்பால் அளந்து போடு.

மாவு ஒளிஞ்சிருக்கிற இடங்கள்

சோத்தைக் குறைச்சாச்சு, ஆனா குழம்பிலேயே மாவு இருந்தா? கொஞ்சம் துப்பறிய வேண்டியிருக்கு.

கெட்டியாக்குறதுக்கு ஒரு ஸ்பூன் அரிசி மாவோ கடலை மாவோ கரைச்சு ஊத்துறது பல வீட்டுப் பழக்கம். அதுக்குப் பதில் தேங்காய் அரைச்சு விடுங்க. மலையடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பு இருக்கிற ஊரில் தேங்காய்க்கு என்ன பஞ்சம்? வறுத்த வேர்க்கடலையை அரைச்சு ஊத்தினாலும் சால்னா, குருமா கெட்டிப்படும். ருசியும் கூடும்.

சட்னியில் பொட்டுக்கடலை பாதிக்கு மேலே மாவுச்சத்துதான். தேங்காயைக் கூட்டி அதைக் குறைக்கலாம், அல்லது தக்காளி, மல்லி, வேர்க்கடலைச் சட்னிக்கு மாறலாம். சிக்கன் 65-க்கும் மீன் வறுவலுக்கும் கார்ன்ஃப்ளவர், அரிசி மாவு வேண்டாம். மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை, ஒரு முட்டை போதும். புளிக்குழம்பில் போடுற வெல்லத்தை அப்பா பங்கை எடுத்த பிறகு போடலாம். குழம்பில் உருளைக்கிழங்கு வேணும்னு தம்பி அடம்பிடிச்சா, கிழங்கைத் தனியா வேகவெச்சுக் கடைசியில் சேருங்க. அதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எடுத்து வெச்சாச்சுன்னா வேலை முடிஞ்சது.

எல்லாத்தையும் விடப் பெரிய திருடன் டீ. நாலு டீயில் இருக்கிற எட்டு ஸ்பூன் சர்க்கரை மட்டும் 40 கிராம். இதை நிறுத்த எந்தச் சமையலும் மாத்த வேண்டாம். டீ போடும்போது சர்க்கரையைப் பாத்திரத்தில் போடாம டம்ளரில் போட்டா போதும். யாருக்கு வேணுமோ அவங்க போட்டுக்கலாம்.

மூணு வேளை, ஒரே சமையல்

காலை: இட்லி, சாம்பார், சட்னி. எல்லாருக்கும் அதேதான். அப்பாவுக்கு 5 இட்லிக்குப் பதில் 2 இட்லி, ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பார். முட்டையைத் தனியா வேகவைக்கக்கூட வேண்டாம். நல்லாக் கழுவி இட்லிப் பானைத் தண்ணியிலேயே போட்டுடுங்க. மேலே இட்லி வேகும்போது கீழே முட்டை வெந்துடும். சைவ வீடா? ஒரு கைப்பிடி வேகவெச்ச வேர்க்கடலை, இல்லைன்னா கொஞ்சம் பனீர். ரெண்டு முட்டையும் 30 கிராம் வேர்க்கடலையும் சேர்ந்து கிட்டத்தட்ட 20 கிராம் புரதம், செலவும் சுமார் 20 ரூபாய். பாதாமைத் தேட வேண்டாம். தெலுங்கு பேசுற வீடுகளில் பெசரட்டு புதுசு இல்லை. பாசிப்பயறிலும் மாவுச்சத்து உண்டு, ஆனா புரதமும் நல்லா இருக்கு. ஒண்ணோட நிறுத்திக்கலாம்.

மதியம்: டிபன் பாக்ஸ்தான் சவால். பழைய அடுக்கு டிபன் கேரியரை வெளியே எடுங்க. கலந்த சாதத்தை ஒரே டப்பாவில் அடைக்கிறதால்தான் பிரிக்க முடியாமப் போகுது. கேரியரில் ஒரு அடுக்கு 100 கிராம் சாதம், ஒரு அடுக்கு பொரியல், ஒரு அடுக்கு குழம்பு, மேலே தயிரும் வெள்ளரியும். இந்தப் பக்கம் வெள்ளரிக்கு சாத்தூரே பேர்போனது. குழம்பை எதுல பிசையறதுன்னு கேட்பார். கோஸைப் பொடியா நறுக்கி மிளகு போட்டு வதக்கினது, துருவி ஆவியில் 4 நிமிஷம் வேகவெச்ச காலிஃப்ளவர், கீரை மசியல் எதுலயும் பிசையலாம். வீட்டில் மத்தவங்களுக்கு அது பொரியல், அப்பாவுக்கு அது சோத்துக்குப் பாதி துணை.

சாப்பிடுற வரிசைக்கும் பலன் உண்டு. 2015-ல் நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 பேரை வெச்சு ஒரு சின்னச் சோதனை பண்ணாங்க. அதே சாப்பாடு, ஆனா காயும் கறியும் முதல்ல, மாவுப் பொருள் கடைசியில். சாப்பிட்ட பிறகு ஏறுற சர்க்கரை கணிசமாக் குறைஞ்சுது. நாம சோத்திலிருந்து ஆரம்பிக்கிறவங்க. பொரியலில் ஆரம்பிச்சுச் சோத்தில் முடிக்கிறதுக்குக் காசு செலவில்லை.

ராத்திரி: எல்லாருக்கும் தோசைன்னா அப்பாவுக்கு ஒரு தோசை, மேலே ரெண்டு முட்டையை ஊத்தி வெங்காயம் தூவினது. மதியம் மிஞ்சின பொரியல் பக்கத்தில். வெளியே பரோட்டாக் கடைன்னா? விருதுநகர் எண்ணெய் பரோட்டா மாவட்டத்தில் பிறந்துட்டு அந்தப் பக்கமே போகாதேன்னு சொல்றது நடக்காது. அதே கடையில் ஆம்லெட், கலக்கி, சிக்கன் சுக்கா, மிளகுக் கறி எல்லாம் இருக்கு. நீங்க பரோட்டா, அவர் சுக்கா. ஒரே டேபிள், ஒரே பில்.

ஞாயிறு கறிக்குழம்பு எல்லாருக்கும் ஒண்ணுதான். பிரியாணி ஆசை வந்தா குஸ்காவைத் தனியாவும் கறியைத் தனியாவும் செய்யுங்க.

இப்போ மறுபடி கூட்டுங்க. 2 இட்லி: 18. 100 கிராம் சாதம்: 28. சாம்பார், காய்கள்: 20. சர்க்கரையில்லாத 4 டீ: 20. ஒரு தோசை: 18. மொத்தம் 104 கிராம். 289-லிருந்து இங்கே வந்தாச்சு. இட்லி, சோறு, தோசை எதுவும் தட்டை விட்டுப் போகலை. வீட்டில் ஒரு பாத்திரம்கூடக் கூடலை. ஆனா திரும்பவும் சொல்றேன், இது பெரிய இறக்கம். மாத்திரை சாப்பிடுறவருக்கு டாக்டர் சொல்ற வேகத்தில்தான் இறங்கணும்.

ஏமாத்துற மாற்றுகள்

"சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுறார்" என்று நிம்மதியா இருக்கிற வீடுகள் ஏராளம். அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்துன்னா, கோதுமை மாவு, கேழ்வரகு, வரகு, குதிரைவாலி எல்லாம் 60-லிருந்து 70-க்குள். நார்ச்சத்து கூட இருக்கு, அது நல்லதுதான். ஆனா நாலு சப்பாத்தின்னா 80 கிராம், கிட்டத்தட்ட 285 கிராம் சோத்துக்குச் சமம். தானியத்தை மாத்துறது வேற, அளவைக் குறைக்கிறது வேற.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் இதெல்லாம் வேற வேற ருசி. ரத்தத்துக்குள் போனதும் சர்க்கரைதான்.

பழைய சோறு? ஆறின சோத்தில் செரிக்காத மாவு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. இந்தோனேசியாவில் 2015-ல் அளந்து பார்த்தாங்க. புதுச்சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம். ஒரு நாள் குளிர்வெச்சு மறுபடி சூடாக்கினதில் 1.65 கிராம். கூடினது ஒரே ஒரு கிராம். 28-ல் ஒரு கிராம். பழைய சோறு சாப்பிடலாம், ஆனா அதுவும் அதே கப் அளவில்தான்.

பால்கோவாவை என்ன பண்றது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின ஊர்ப் பெருமை அது. கணக்குப் போடுவோம். 10 லிட்டர் பால், 1¼ கிலோ சர்க்கரை, சுண்டின பிறகு சுமார் 3½ கிலோ பால்கோவான்னு வெச்சுக்கோங்க. பாலிலேயே இருக்கிற லாக்டோஸ் சுமார் 480 கிராம். சர்க்கரை 1250. ரெண்டும் சேர்ந்து 1730. அதாவது பாதிக்குப் பாதி. 50 கிராம் துண்டில் 25 கிராம், ஏறக்குறைய 90 கிராம் சோறு.

"சர்க்கரை போடாத பால்கோவா" வாங்கினா? சர்க்கரை இல்லைன்னா எடையும் 2¼ கிலோவாக் குறையும், ஆனா அந்த 480 கிராம் லாக்டோஸ் அப்படியே இருக்கும். 50 கிராம் துண்டில் சுமார் 11 கிராம். குறைவுதான், பூஜ்யம் இல்லை. டப்பா மேலே எழுதியிருக்கிறதை நம்பி கால் கிலோவைக் காலி பண்ணக் கூடாது.

ஆண்டாள் கோவில் ஆடிப்பூரத் தேர், மார்கழி 27-ல் கூடாரவல்லி அக்காரவடிசில் இதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை. அன்னைக்கு அப்பா கையில் ஒரு ஸ்பூன் பிரசாதத்தைக் குடுத்துட்டு, மதியச் சோத்தில் ஒரு கரண்டியைக் குறைங்க. விசேஷத்துக்கு இடம் விடாத டயட் எந்த வீட்டிலும் நிக்காது. எல்லா நாளையும் விசேஷம் ஆக்குறதுதான் பிரச்சினை.

அம்மா தட்டில் என்ன இருக்கு?

இதுவரைக்கும் அப்பா தட்டைப் பத்தியே பேசினோம். இப்போ பக்கத்துத் தட்டைப் பாருங்க.

வீட்டில் முட்டையும் காயும் அப்பாவுக்குன்னு ஒதுக்கின உடனே, கடைசியில் சாப்பிட உட்கார்ற ஆளுக்கு என்ன மிஞ்சும்? அப்பா குறைச்ச சோறு. கொஞ்சம் ரசம், ஊறுகாய். "வீணாப் போகக் கூடாது"ன்னு அதையும் அவங்களே சாப்பிடுவாங்க. அப்பாவோட தட்டிலிருந்து எடுத்த மாவுச்சத்து வீட்டை விட்டு வெளியே போகலை, அம்மா தட்டுக்கு மாறியிருக்கு. அம்மாவுக்குச் சுகர் இல்லைன்னு யார் சொன்னது? பல வீடுகளில் டெஸ்ட்டே எடுத்திருக்க மாட்டாங்க. முன்நீரிழிவு நிலையில் இருக்கிற 13.6 கோடிப் பேரில் பெரும்பாலானவங்களுக்கு எந்த அறிகுறியும் வெளியே தெரியாது.

அதனால மூணு விதியோட நாலாவதும் சேர்த்துக்கோங்க: கூட்டின காயும் புரதமும் எல்லாத் தட்டுக்கும் போகணும். முட்டை வாங்கினா ரெண்டு இல்லை, ஆறு. சோறு வடிக்கும்போதே அரிசியைக் குறைச்சுப் போடுங்க. வடிச்ச பிறகு குறைச்சா அது யாரோ ஒருத்தர் வயித்துக்குள்தான் போகும்.

உங்க வேலை என்ன?

ஒரு கிலோ காய் நறுக்க அரைமணி நேரம் ஆகும். நீங்க ஒரு ரீல் ஸ்க்ரோல் பண்ண ஆரம்பிச்சா போற அதே அரைமணிதான். ராத்திரியே நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வெச்சுட்டா, காலையில் தாளிச்சு வதக்குறது மட்டும்தான் பாக்கி. இந்த உணவுமுறையில் உண்மையாக் கூடுற வேலை இது ஒண்ணுதான். இதையும் அம்மா தலையிலேயே கட்டினா, மேலே சொன்ன எல்லாக் கணக்கும் பத்தாவது நாள் நின்னுபோயிடும்.

டே ஸ்காலரா இருந்தா ராத்திரி நறுக்குங்க. ஹாஸ்டலா இருந்தா வீட்டுக்குப் போற வாரம் மூணு விஷயம் செய்யுங்க. மாத்திரைப் பெயரை எழுதி டாக்டர்கிட்ட அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. சமையல்கட்டில் ஒரு கப்பில் 100 கிராம் சாதம் எவ்வளவு வரும்னு அளந்து கோடு போட்டு வைங்க. அப்பாவை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. மூணு மாசச் சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட் ரெண்டு பேருக்கும் எடுத்துடுங்க.

மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுங்க. நம்பர் இறங்கியிருந்தா டாக்டரே மாத்திரையைப் பத்திப் பேசுவார். இறங்கலைன்னா எந்தத் தட்டில் கணக்கு தப்புதுன்னு உட்கார்ந்து பாருங்க. பெரும்பாலும் டீ டம்ளர்லதான் இருக்கும்.